கேத்திப் பள்ளத்தாக்குப் புகையும் மூடுபனியும்: துகள்கொத்தின் ஒளிச்சிதறலைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. குளிர்காலக் காலையில் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் விறகுப்புகை தங்கிவிடுகிறது. வடிகட்டித் தாளில் பிடித்த துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், 30 நானோமீட்டர் விட்டமுள்ள கரிமணிகள் நூறு அளவுக்கு ஒட்டிச் சேர்ந்த கொத்துகள் தெரிகின்றன. கொத்தின் கனஅளவுக்குச் சமமான ஒரே கோளமாக வைத்து மீ கோட்பாட்டில் (கோளம் ஒன்று ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது, விழுங்குகிறது என்பதற்கான முழுத் தீர்வு) கணக்குப் போட்டால், உட்கவர்தல், அதாவது துகள் விழுங்கும் ஒளி, அளவீட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. சிதறல் மட்டும் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நிரலில் பிழையா, முறையில் பிழையா? கொத்தை எப்படிக் கணக்கிட வேண்டும்?

நிரல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழை அந்தக் கோளத்தில் இருக்கிறது. உட்கவர்தல் ஒத்துப்போனதும் தற்செயல்தான், அதை நம்பி மேலே கட்ட வேண்டாம். ஏன் என்பதை எண்களோடு பார்க்கலாம்.

எந்தத் துகளை எடுத்தாலும் முதலில் அளவுச் சுட்டைக் கணக்கிடுங்கள்:

அளவுச் சுட்டு = 2 × பை × ஆரம் ÷ அலைநீளம்

550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு, 15 நானோமீட்டர் ஆரமுள்ள கரிமணியின் சுட்டு 0.171. நூறு மணிகளை உருக்கி ஒரே உருண்டையாக்கினால் ஆரம் 69.6 நானோமீட்டர், சுட்டு 0.795. 5 மைக்ரான் ஆரமுள்ள மூடுபனித் துளிக்கு 57.1. ஒரே பள்ளத்தாக்கில் ஒரே காலையில் சுட்டு இவ்வளவு விரிகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பாடு போதாது. சுட்டு 1-ஐ விட மிகச் சிறியதாகவும், சுட்டோடு ஒளிவிலகல் எண்ணைப் பெருக்கினாலும் சிறியதாகவே இருந்தால் ராலே வாய்ப்பாடு போதும். ஒற்றைக் கோளமாக இருந்தால் எந்த அளவுக்கும் மீ கோட்பாடு சரியான விடை தரும். கோளமாக இல்லாவிட்டால், அல்லது கோளங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், மீ கோட்பாடு தரும் விடை வேறொரு பொருளின் விடை.

அடுத்தது ஒளிவிலகல் எண். புகைக்கரிக்கு அது கலப்பெண்: மெய்ப்பகுதி ஒளி வளைவதையும் கற்பனைப்பகுதி விழுங்கப்படுவதையும் குறிக்கும். 550 நானோமீட்டரில் மெய்ப்பகுதி 1.95, கற்பனைப்பகுதி 0.79 என்பது பரவலாகப் பயன்படும் மதிப்பு. பழைய கட்டுரைகளில் 1.75-உம் 0.44-உம் என்ற இணை கிடைக்கும். அதைப் போட்டால் உட்கவர்தல் வெகுவாகக் குறையும். எதை எடுத்தீர்கள் என்பதை முடிவுகளுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள், அது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இப்போது ஒற்றை மணி. ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 கழித்து, அதே வர்க்கத்தோடு 2 கூட்டி, முன்னதைப் பின்னதால் வகுங்கள். கிடைக்கும் கலப்பெண்ணின் மெய்ப்பகுதி 0.572, கற்பனைப்பகுதி 0.255, மட்டின் வர்க்கம் 0.392. இதை லோரன்ட்ஸ்-லோரன்ஸ் காரணி என்பார்கள். அலையெண் என்பது 2 × பை ÷ அலைநீளம். இங்கே நானோமீட்டருக்கு 0.01142. பிறகு, எவ்வளவு பரப்பில் விழும் ஒளியைத் துகள் விழுங்குகிறது, சிதறடிக்கிறது என்பது:

உட்கவர் பரப்பு = 4 × பை × அலையெண் × ஆரத்தின் கனம் × காரணியின் கற்பனைப்பகுதி
சிதறல் பரப்பு = (8 × பை ÷ 3) × அலையெண்ணின் நான்காம் படி × ஆரத்தின் ஆறாம் படி × காரணியின் மட்டின் வர்க்கம்

முதலாவது 123 சதுர நானோமீட்டர், இரண்டாவது 0.64. ஒற்றை மணி, தான் சிதறடிப்பதைப்போல ஏறக்குறைய 190 மடங்கு ஒளியை விழுங்குகிறது. உட்கவர்தல் ஆரத்தின் மூன்றாம் படியோடும் சிதறல் ஆறாம் படியோடும் வளர்வதுதான் காரணம். கொத்தில் நடப்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை. இரண்டு மணிகளின் உட்கவர்தல் இரு மடங்கு. அவை மிக நெருங்கி ஒரே கட்டத்தில், அதாவது அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று பொருந்தும்படி, சிதறடித்தால் சிதறல் நான்கு மடங்கு. நூறு மணிகள் முழுக்க ஒரே கட்டத்தில் இருந்தால் சிதறல் பத்தாயிரம் மடங்கு. கும்மியில் எல்லாக் கையும் ஒரே தாளத்தில் விழும்போது எழும் ஓசை, ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் எழுவதில்லை. நம் கொத்தில் தாளம் எவ்வளவு தவறுகிறது என்பதுதான் கணக்கு.

கொத்தின் பரவலைச் சுழற்சி ஆரத்தால் (கொத்தின் மையத்திலிருந்து மணிகள் சராசரியாக எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்ற அளவு) அளப்பார்கள். ஆறிய புகையில் கொத்தும் கொத்தும் மோதி ஒட்டி வளர்வதால் இந்த உறவு பொருந்துகிறது:

மணிகளின் எண்ணிக்கை = முன்காரணி × (சுழற்சி ஆரம் ÷ மணி ஆரம்) இன் ஃபிராக்டல் பரிமாணப் படி

புதிய புகைக்கரிக்கு ஃபிராக்டல் பரிமாணம் (கொத்து எவ்வளவு இறுக்கமானது என்பதன் அளவு) சுமார் 1.8, முன்காரணி சுமார் 1.3. நூறு மணிக்கு விடை 167 நானோமீட்டர். சம கனஅளவுக் கோளத்தின் ஆரம் 70 நானோமீட்டர்கூட இல்லை என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருள் அதே அளவு, பரந்திருக்கும் இடம் வேறு.

மணிகள் ஒன்றன் புலத்தை இன்னொன்று பாதிக்கவில்லை என்று கொள்ளும் தோராயத்துக்கு ராலே-டெபை-கான்ஸ் ஃபிராக்டல் முறை என்று பெயர். அதில் கொத்தின் உட்கவர்தல், மணியின் உட்கவர்தலை நூறால் பெருக்கியது: 12,340 சதுர நானோமீட்டர். சிதறலுக்கு நூறின் வர்க்கத்தால் பெருக்கி, கட்ட வேறுபாட்டுக் குறைப்புக் காரணியாலும் பெருக்க வேண்டும். அதற்கு அலையெண்ணையும் சுழற்சி ஆரத்தையும் பெருக்குங்கள்: 1.91. அதன் வர்க்கத்தை 4 ÷ (3 × 1.8) ஆல் பெருக்கி 1 கூட்டினால் 3.71. இதை 1.8 ÷ 2, அதாவது 0.9 என்ற படிக்கு உயர்த்தி, 1-ஐ அதனால் வகுத்தால் 0.307. ஆக, சிதறல் 10,000 × 0.637 × 0.307, அதாவது சுமார் 1,960 சதுர நானோமீட்டர்.

சம கனஅளவுக் கோளத்தை முழு மீ கோட்பாட்டில் போட்டால் வருவது: உட்கவர்தல் சுமார் 18,100, சிதறல் சுமார் 6,270. சிதறலில் 3.2 மடங்கு வேறுபாடு. நீங்கள் சொன்ன மூன்று மடங்கு இதுதான். கட்டக் குறைப்பே இல்லாமல் நூறு மணியும் ஒரே தாளத்தில் சிதறடித்தால் வரும் மதிப்பு 6,370. கோளத்தின் விடை அதற்கு வெகு அருகில் நிற்கிறது. உருக்கி உருண்டையாக்கியதும் கட்ட வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

உட்கவர்தல் ஏன் ஒத்துப்போனது? கரியின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் என்று கொண்டால், தனி மணி கிராமுக்கு 4.85 சதுர மீட்டர் உட்கவர்கிறது. புதிய புகைக்கரிக்கு 550 நானோமீட்டரில் அளவீடுகள் சுட்டும் மதிப்பு சுமார் 7.5. இந்த இடைவெளி உங்கள் அளவீட்டில் மட்டும் உள்ளதல்ல, இத்துறையில் வெகுநாளாகப் பேசப்படுவது. உருண்டையின் மதிப்போ 7.1. சுட்டு 0.8-ஐ எட்டிய, நன்றாக உட்கவரும் கோளத்துக்குள் புலம் ராலே வாய்ப்பாடு சொல்வதைவிட வலுத்துவிடுவதால் அந்த உயர்வு. கொத்தில் அப்படியொரு கோளமே இல்லை. தவறான வடிவம் தந்த மிகை, வேறு காரணத்தால் உள்ள குறையை நிரப்பிவிட்டது. இந்த ஒற்றுமையை வைத்துக் கோளமே சரி என்று ஆய்வேட்டில் எழுதினால், அலைநீளத்தை மாற்றிய உடனே கணக்கு உடைந்துவிடும். ஒற்றைச் சிதறல் விகிதத்தையும் (சிதறலை, சிதறலும் உட்கவர்தலும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தது) ஒப்பிடுங்கள்: கொத்துக்கு 0.14, கோளத்துக்கு 0.26. காற்றைச் சூடாக்குமா, ஒளியைத் திருப்பி அனுப்புமா என்று கேட்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

மேலே போகும்முன் மீ நிரலைச் சோதித்துவிடுங்கள். போரன், ஹஃப்மன் இருவரின் 1983 நூலில் வந்த பிஹெச்மீ நிரலுக்கு ஒரு மாதிரிக் கணக்கு உண்டு: ஆரம் 0.525 மைக்ரான், அலைநீளம் 0.6328 மைக்ரான், ஒளிவிலகல் எண் 1.55, கற்பனைப்பகுதி சுழி. சுட்டு 5.213. மொத்த ஒளியிழப்புத் திறன் (உட்கவர்தலும் சிதறலும் சேர்ந்த பரப்பைக் கோளத்தின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது), சிதறல் திறன் இரண்டும் 3.10543, பின்சிதறல் திறன் 2.92534. உங்கள் நிரல் ஐந்தாம் தசமம்வரை இதைத் தர வேண்டும். மூன்றாம் தசமத்தில் தவறினால் மீ கோட்பாட்டின் தொடரைச் சீக்கிரம் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். உறுப்புகளின் எண்ணிக்கைக்கு விஸ்கோம்ப் தந்த விதி: சுட்டு + 4 × (சுட்டின் கனமூலம்) + 2. மூடுபனித் துளிக்கு இது 75. அதைவிடக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைத்து 200 உறுப்பு போடுபவர்கள் உண்டு. பெசல் சார்புகளை மேல்நோக்கிய மீள்வரு உறவால் கணக்கிடும்போது, வரிசை எண் சுட்டைத் தாண்டியதும் சுற்றுப்பிழை வெடித்து வளரும், விடை குப்பையாகும். துளிக்குள்ளான மடக்கை வகைக்கெழுவை எப்போதும் கீழ்நோக்கியே கணக்கிட வேண்டும். சுட்டையும் ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கி வரும் மட்டு, உறுப்பு எண்ணிக்கை, இரண்டில் பெரியதோடு 15 கூட்டி, அங்கே சுழியில் தொடங்கி இறங்கி வாருங்கள். துளிக்கு அது 91.

மாணவர்கள் கணக்குகளில் அடிக்கடி வரும் பிழைகள் இவற்றைவிட எளிமையானவை. விட்டத்தை ஆரம் என்று போடுவது முதலிடம். அடுத்தது கற்பனைப்பகுதியின் குறி. சில நிரல்கள் அதை நேர்க்குறியில் கேட்கும், சில எதிர்க்குறியில். மாற்றிப் போட்டால் உட்கவர்தல் எதிர்மறையாகும், அதாவது சிதறல் மொத்த இழப்பைவிடப் பெரிதாகும். அந்த அடையாளம் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். மூன்றாவது, நீரில் மிதக்கும் துகளுக்குக் காற்றின் அலைநீளத்தைப் போடுவது. நீரில் என்றால் அலைநீளத்தை 1.333 ஆல் வகுக்க வேண்டும், துகளின் ஒளிவிலகல் எண்ணையும் அதே 1.333 ஆல் வகுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை மறப்பதுதான் அதிகம் நடக்கிறது.

இனி கொத்து. மணிகளுக்கிடையே நடக்கும் பரஸ்பரப் பாதிப்பையும் சேர்க்க வேண்டுமென்றால் பல்கோள டி-அணி முறைதான் முதல் தேர்வு. டி-அணி என்பது விழும் அலையிலிருந்து சிதறும் அலையைத் தரும் எண் அட்டவணை. ஒவ்வொரு மணியின் சிதறலையும் அதன் மையத்தைச் சுற்றிய கோள அலைகளாக விரிக்கிறோம். ஒரு மணியிலிருந்து புறப்படும் அலையை அடுத்த மணியின் மையத்துக்கு மாற்றி எழுதும் கூட்டல் தேற்றம் உண்டு. அதைப் பயன்படுத்தி எல்லா மணிகளுக்கும் சேர்த்து ஒரே சமன்பாட்டுத் தொகுதி எழுதித் தீர்க்கிறோம். மெக்கோவ்ஸ்கியும் மிஷ்செங்கோவும் 1996-இல் இதைக் கொத்தின் ஒரே டி-அணியாக மாற்றி, எல்லாத் திசைக்குமான சராசரியை வாய்ப்பாட்டாலேயே எடுக்க வழி காட்டினார்கள். எம்எஸ்டிஎம் என்ற ஃபோர்ட்ரான் நிரல் அந்த வழியில் வந்தது, இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் மூன்று வரிசைவரை எடுத்தால் மணிக்கு 30 கெழுக்கள், நூறு மணிக்கு 3,000. கல்லூரி ஆய்வகத்துச் சாதாரணக் கணினிக்கு இது சுமையே இல்லை.

உள்ளீட்டுக் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் மணியின் ஆரம், மையத்தின் மூன்று ஆயத்தொலைவுகள் வரும். நீள அளவுக் காரணி என்ற இடத்தில் 2 × பை ÷ அலைநீளம் போட வேண்டும், ஆயத்தொலைவுகளின் அதே அலகில். நானோமீட்டரில் ஆயத்தொலைவும் மைக்ரானில் அலைநீளமும் கலந்தால் நிரல் நின்றுவிடாது, ஆயிரம் மடங்கு பெரிய கொத்துக்கு விடை தேடி வெகுநேரம் ஓடும். கோளங்கள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளின் மையத்தூரம், எண்களை முழுமையாக்கும்போது விட்டத்தைவிட மயிரிழை குறைந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு அடுக்கினால் இந்தத் தொல்லை வராது, சிதறலிலும் கணிசமான மாற்றம் இருக்காது. தொடும் மணிகளில் மூன்று வரிசை போதுமா என்று ஊகிக்க வேண்டாம். நான்கு, ஐந்து என்று கூட்டி, உட்கவர்தல் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நிலைத்துவிட்டதா என்று பாருங்கள். மணியின் சுட்டு 0.17 என்பதால் முதல் வரிசையே போதும் என்று தோன்றும். தொடும் இடத்தில் புலம் திடீரென மாறுவதால் அது போதாது.

கொத்தை உருவாக்குவதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு மணியாக வந்து ஒட்டும் வழியில் செய்தால் பரிமாணம் 2.5 பக்கம் போய், இறுக்கமான கொத்து கிடைக்கும். புகையில் நடப்பது கொத்தும் கொத்தும் சேர்வது, அதற்கு 1.8 அளவில் வரும். செய்து முடித்த ஆயத்தொலைவுகளிலிருந்து சுழற்சி ஆரத்தை நேரடியாகக் கணக்கிட்டு, நினைத்த மதிப்பு வந்ததா என்று சரிபாருங்கள். மணியின் சொந்தச் சுழற்சியாக ஆரத்தின் வர்க்கத்தில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. பத்து, இருபது மணிக் கொத்தில் முன்காரணியை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு தலைகாட்டும். ஒரே ஒரு கொத்தின் விடையை முடிவாக எழுத வேண்டாம். அதே எண்ணிக்கை, அதே பரிமாணத்தில் பத்துக்குக் குறையாத வெவ்வேறு கொத்துகளை எடுத்துச் சராசரியையும் விடைகள் அதிலிருந்து விலகும் அளவையும் தாருங்கள். உட்கவர்தல் கொத்துக்குக் கொத்து அதிகம் மாறாது, பக்கவாட்டுச் சிதறல் நன்றாகவே மாறும்.

இந்த நிரலையும் மூன்று வழியில் சோதிக்கலாம். ஒற்றைக் கோளம் போட்டால் மீ விடை வர வேண்டும். இரண்டு மணிகளை வெகுதூரம் தள்ளிவைத்தால் மொத்த ஒளியிழப்பு இரு மடங்காக வேண்டும். ஒளிவிலகல் எண்ணை 1.01 என்று போட்டால் மணிகளுக்கிடையே பாதிப்பு மறைந்து, அதே ஆயத்தொலைவுகளுக்கு ராலே-டெபை-கான்ஸ் கூட்டலின் விடையோடு ஒன்ற வேண்டும். இந்த மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை. ஆயத்தொலைவு, அலகு, கோணம் மூன்றின் பிழைகளையும் ஒரே வீச்சில் காட்டிக்கொடுப்பது அதுதான். சரியான எண்ணோடு ஓடும்போது உட்கவர்தல், எளிய கூட்டலைவிடப் பத்து சதவீதம் அளவுக்கு உயரக் காண்பீர்கள். 7.5-க்கும் 4.85-க்கும் உள்ள இடைவெளியை அது முழுவதும் நிரப்பாது. மீதிக்கு ஒளிவிலகல் எண், அடர்த்தி, பூச்சு ஆகியவற்றைத்தான் கேட்க வேண்டும்.

மணிகள் உருகி இடையே கழுத்துப் பிடித்திருந்தாலோ, மேலே தார் பூசியிருந்தாலோ, கோளங்களின் கூட்டம் என்ற பாவனை தளர்ந்துவிடும். அப்போது தனித்தனி இருமுனைத் தோராயம். பர்சலும் பென்னிபேக்கரும் 1973-இல் விண்மீனிடைத் தூசுக்காக முன்வைத்தது, டிடிஸ்கேட், ஏடிடிஏ என்ற இரண்டு நிரல்களாக இன்று கிடைக்கிறது. பொருளைச் சிறு கனசதுரக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மின் இருமுனையாக எடுத்து, எல்லாவற்றின் புலத்தையும் ஒருசேரத் தீர்ப்பது முறை. வழிகாட்டி விதி: ஒளிவிலகல் எண்ணின் மட்டு, அலையெண், கனசதுரத்தின் பக்க அளவு மூன்றையும் பெருக்கினால் 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். நம் கரிக்கு அது 20 நானோமீட்டர்வரை அனுமதிக்கும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். 30 நானோமீட்டர் மணியை 20 நானோமீட்டர் கட்டத்தால் நறுக்கினால் மணியே இருக்காது. விட்டத்துக்குப் பத்துக் கட்டம் வேண்டும், அதாவது 3 நானோமீட்டர். மணிக்கு சுமார் 520 இருமுனை, நூறு மணிக்கு 52,000. இது சிறிய எண்தான். ஆனால் வேகமான ஃபூரியர் உருமாற்றம், கொத்தை அடைக்கும் பெட்டி முழுவதற்கும் இடம் கேட்கும், வெற்றிடம் உட்பட. பக்கத்துக்கு 600 நானோமீட்டர் பெட்டி என்றால் 200 × 200 × 200, எண்பது லட்சம் கட்டங்கள். நினைவகம் சில ஜிபி போகும். திசைச் சராசரியையும் கொத்தைத் திருப்பித் திருப்பி வைத்துத்தான் எடுக்க வேண்டும். வெறும் கோளக் கொத்துக்கு இந்த முறை வீண்செலவு, கழுத்தும் பூச்சும் உள்ள கொத்துக்கு வேறு வழி குறைவு.

கோண வாரியான சிதறலை அளந்து ஃபிராக்டல் பரிமாணத்தை எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சிதறல் திசையன் = 2 × அலையெண் × சைன்(கோணத்தின் பாதி). அதற்கு எதிராகச் சிதறிய ஒளியின் செறிவை மடக்கை அச்சுகளில் வரைந்தால் சாய்வு பரிமாணத்தைத் தர வேண்டும். ஆனால் நூறு மணிக் கொத்துக்குப் பின்பக்கம் 180 பாகைவரை போனாலும் திசையனும் சுழற்சி ஆரமும் பெருக்கிய மதிப்பு 3.8-ஐத் தாண்டாது. நேர்க்கோடு தொடங்குமுன்பே தாள் முடிந்துவிடும். பல நூறு, ஆயிரம் மணிக் கொத்துகள் இருந்தால்தான் சாய்வை நம்பலாம். சின்னக் கொத்துக்குச் சிறு கோணத்தில் சுழற்சி ஆரத்தை மட்டும் எடுப்பது நேர்மையான வேலை.

நீலகிரிக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன. ஈர விறகு கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டிருந்தால் வருவது பெரும்பாலும் கரிமத் தார்த் துளிகள். அவை ஏறக்குறைய உருண்டையானவை, அவற்றுக்கு மீ கோட்பாடு பொருந்தும். உட்கவர்தல் நீலம், புற ஊதாப் பக்கம் ஏறும், சிவப்பில் மிகக் குறையும். கரிக்கொத்து, நன்றாக எரியும் தீயிலிருந்து வருவது. தேயிலைத் தொழிற்சாலை உலர்த்தியின் உலையில் விறகு கொழுந்துவிட்டு எரிகிறது, பக்கத்து வீட்டு அடுப்பில் பச்சை விறகு புகைகிறது. இரண்டும் ஒரே வடிகட்டியில் வந்து சேரும். நுண்ணோக்கிப் படத்தில் இரண்டையும் தனித்தனியே எண்ணி, தனித்தனியே கணக்கிட்டு, பிறகு கூட்டுங்கள். கலந்த ஒரு சராசரி ஒளிவிலகல் எண்ணைப் போட்டு ஒரே ஓட்டமாக ஓட்டுவது எளிது. அந்த விடை கரிக்கும் பொருந்தாது, தாருக்கும் பொருந்தாது.

மூடுபனி தொட்ட கரி இன்னொரு கதை. துளிக்குள் போய், துளி காய்ந்தபின் வெளியே வரும் கொத்து, நீரின் பரப்பிழுவிசையால் சுருண்டு இறுகியிருக்கும். பரிமாணம் 1.8-லிருந்து 2.5 பக்கம் போகலாம். சுழற்சி ஆரம் சுருங்கும், சிதறல் ஏறும், உட்கவர்தல் அவ்வளவாக மாறாது. காலை ஏழு மணிக்குப் பிடித்த மாதிரியையும் வெயில் ஏறியபின் பிடித்ததையும் ஒரே பரிமாணத்தில் கணக்கிடாதீர்கள்.

மூடுபனித் துளிக்கே இவ்வளவு பாடு தேவையில்லை. சுட்டு 57 இருக்கும்போது மொத்த ஒளியிழப்புத் திறன் 2-ஐச் சுற்றியே இருக்கும். கன மீட்டருக்கு 0.1 கிராம் நீர், துளி ஆரம் 5 மைக்ரான் என்றால் ஒளியிழப்பு மீட்டருக்கு 0.03, பார்வைத் தூரம் 3.912 ÷ 0.03 = 130 மீட்டர். அதே நீர் 10 மைக்ரான் துளிகளாக இருந்தால் 260 மீட்டர். மீ கோட்பாட்டை இங்கே ஓட்டுவது கோணச் சிதறலுக்காக மட்டும். ஒற்றை ஆரத்துக்கு ஓட்டினால் வளைவு முழுக்கப் பல்பல்லாக ஏறி இறங்கும். உண்மையில் துளிகள் பல அளவில் இருப்பதால் அது தெரியாது. மடக்கை-இயல்நிலைப் பரவலில் ஆரத்தை மடக்கை இடைவெளியில் நூற்றுக்குக் குறையாத புள்ளிகளாகப் பிரித்துத் தொகையிடுங்கள். எண்ணிக்கை இடைநிலையா, கனஅளவு இடைநிலையா எந்த ஆரத்தைப் போடுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரவல் அகலமாக இருந்தால் இரண்டும் இரு மடங்குக்கு மேல் விலகும்.

காற்றின் சொந்தச் சிதறலையும் கழிக்க மறக்கக் கூடாது. கடல்மட்டத்தில் 550 நானோமீட்டரில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.0116. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 780 ஹெக்டோபாஸ்கல் என்பதால் 0.009 பக்கம் வரும். சமவெளிக்கான மதிப்பை அப்படியே போட்டால் தெளிந்த நாளில் துகளின் பங்கு குறைந்து தெரியும். ஒப்பீட்டுக்கு, கன மீட்டரில் 2 மைக்ரோகிராம் கரி இருந்தாலே, கிராமுக்கு 7.5 சதுர மீட்டர் கணக்கில் உட்கவர்தல் கிலோமீட்டருக்கு 0.015 ஆகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்தால் மலையை நீலமாக்கும் காற்றை, சில மைக்ரோகிராம் கரி மிஞ்சிவிடும்.

அளவீட்டோடு ஒப்பிடும்போது கருவியையும் கணக்குக்குள் கொண்டுவாருங்கள். சிதறல்மானி, அதாவது சிதறிய ஒளியை அளக்கும் கருவி, முன்பக்கச் சில பாகைகளையும் பின்பக்கச் சில பாகைகளையும் பிடிப்பதில்லை. கணக்கிட்ட கோண வளைவை அதே எல்லைக்குள் மட்டும் தொகையிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். கரிக்கொத்துக்கு இந்தத் திருத்தம் சிறியது, மூடுபனித் துளிக்கு மிகப் பெரியது, ஏனென்றால் துளி தன் சிதறலில் பாதிக்கு அருகே முன்பக்கக் குறுங்கோணத்திலேயே கொட்டிவிடுகிறது. கருவி உள்ளே காற்றைச் சூடாக்கினால் துளி காய்ந்து, நீங்கள் அளப்பது வேறு துகளாகிவிடும். உள்ளே ஈரப்பதம் எவ்வளவு என்று குறித்துவையுங்கள். வடிகட்டித் தாளில் உட்கவர்தலை அளக்கும் கருவி, தாளின் இழைகளுக்குள் ஒளி பலமுறை சிதறித் திரும்புவதால் உண்மையைவிட அதிகம் காட்டும். திருத்தக் காரணி போடாத அளவீடாக இருந்தால், நீங்கள் ஒத்துப்போனதாகச் சொன்ன அந்த உட்கவர்தல் எண்ணையே முதலில் திருத்திவிட்டு, பிறகு கொத்தின் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.